அந்தப் பாட்டைப் பாடு!

2000-ஆம் ஆண்டு அக்டோபர் மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை. ஸ்பென்சர் பிளாசாவில் 125 ரூபாய் கொடுத்து ஒரு கேஸட் வாங்கினேன். மூன்று வருடமாகக் காத்திருந்த கேஸட். வீடு போய்ச் சேரும்வரை பொறுமை ஏது? பஸ்ஸிலேயே உறையைப் பல்லால் கடித்துப் பிரித்து வாக்மேனில் போட்டேன். ராயப்பேட்டை தாண்டுவதற்குள் முதல் பாட்டு முடிந்துவிட்டது. கேஸட் மாறிப்போய்விட்டதோ என்று வெளியே எடுத்து லேபிளைப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. ரேடியோஹெட். ஆல்பத்தின் பெயர் ‘கிட் ஏ’.

கிடார் எங்கே? மூன்று கிடார் வாசிக்கிற கோஷ்டி ஐயா அது! ஒரு கீபோர்டு நாலைந்து ஸ்வரங்களையே செக்கு மாடு மாதிரி சுற்றிச் சுற்றி வருகிறது. பாடகரின் குரலை யாரோ கத்திரிக்கோலால் நறுக்கி முன்னும் பின்னுமாக ஒட்டி வைத்திருக்கிறார்கள். ‘ஏமாத்திட்டாங்க’ என்று வாய்விட்டுச் சொல்லியிருப்பேன் போலிருக்கிறது. பக்கத்து சீட்டுப் பெரியவர் அக்கறையாகத் திரும்பி, “சில்லறை தரலையா தம்பி?” என்றார்.

சில்லறைதான் தரவில்லை. ஆனால் யார் எனக்கு எவ்வளவு தர வேண்டியிருந்தது? இந்தக் கணக்கை இருபத்தைந்து வருடமாக நான் போட்டுக்கொண்டிருக்கிறேன். இன்றைக்கு உங்களையும் கொஞ்சம் கூட்டுச் சேர்க்கிறேன். உங்களுக்கு ராக் சங்கீதம் பிடிக்காமல் இருக்கலாம், ரேடியோஹெட் என்றால் ஏதோ தலைவலி மாத்திரை என்று நினைக்கலாம். பரவாயில்லை. ‘நீ முன்ன மாதிரி இல்ல’ என்று யாரிடமாவது சொல்லியிருப்பீர்கள், அல்லது யாரிடமாவது கேட்டிருப்பீர்கள். அது போதும்.

முதலில் ஒரு சின்ன அறிமுகம். இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் ஆபிங்டன் என்று ஓர் ஊர். அங்கே ஒரே பள்ளிக்கூடத்தில் படித்த ஐந்து பையன்கள் 1985-ல் ஒரு கோஷ்டி ஆரம்பித்தார்கள். வெள்ளிக்கிழமைகளில் ஒத்திகை, அதனால் ‘ஆன் எ ஃப்ரைடே’ என்று பெயர். 1991-ல் பெயர் மட்டும் மாறியது. ‘டாக்கிங் ஹெட்ஸ்’ என்ற அமெரிக்க கோஷ்டியின் ஒரு பாட்டுத் தலைப்பைக் கடன் வாங்கி, ரேடியோஹெட். பாடுவது தாம் யார்க். அண்ணன் தம்பி இருவர்: காலின் க்ரீன்வுட், ஜானி க்ரீன்வுட். அப்புறம் எட் ஓ’பிரையன், டிரம்ஸுக்கு ஃபில் செல்வே. அன்றைக்கு அந்த ஐந்து பேர், இன்றைக்கும் அதே ஐந்து பேர்.

தீசியஸ் கப்பல் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஏதென்ஸ்காரர்கள் அந்தக் கப்பலைப் பாதுகாத்து வைத்திருந்தார்களாம், உளுத்துப்போன பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே. எல்லாப் பலகையும் மாறிய பிறகு அது அதே கப்பலா? புளூடார்க் எழுதிவைத்த புதிர். நம் ஊரில் இதையே தாத்தா அரிவாளை வைத்துச் சொல்வார்கள். பிடியை மூன்று தடவையும் இரும்பை இரண்டு தடவையும் மாற்றினோம், மற்றபடி அதே அரிவாள்! ரேடியோஹெட் விஷயம் இதற்கு நேர் தலைகீழ். ஒரு பலகைகூட மாறவில்லை. கப்பல்தான் வேறாகிவிட்டது.

இவர்களின் முதல் ஹிட் பாட்டு ‘க்ரீப்’, 1992-ல் வந்தது. தன்னை ஒன்றுக்கும் லாயக்கில்லாதவன் என்று நினைக்கிற ஒருவன் எட்டாத உயரத்தில் இருக்கும் ஒருத்தியைப் பார்த்து மருகுகிற பாட்டு. பாட்டு ரொம்ப சாதுவாக இருக்கிறதே என்ற கடுப்பில் ஜானி க்ரீன்வுட் பல்லவிக்கு முன்னால் கிடாரை ஓங்கி ஓங்கி அடித்தார் என்பார்கள். கெடுக்கப் போட்ட அடிதான் பாட்டுக்கே அடையாளமாகிவிட்டது. இங்கிலாந்தில் முதலில் ஓடவில்லை. இஸ்ரேலில் ஹிட்டாகி, அமெரிக்காவில் ஹிட்டாகி, 1993-ல் மறுபடி வெளியிட்டபோது சொந்த ஊரில் ஏழாவது இடத்துக்கு வந்தது.

அதற்கப்புறம் ஆரம்பித்தது தொல்லை. எந்த ஊருக்குப் போனாலும் அந்தப் பாட்டைப் பாடு, பாடு. பாடி முடித்ததும் கூட்டத்தில் ஒரு பகுதி எழுந்து போய்விடும். 1994-ல் இவர்கள் ‘மை அயர்ன் லங்’ என்று ஒரு பாட்டுப் போட்டார்கள். அயர்ன் லங் தெரியுமா? போலியோ வந்து மூச்சு விட முடியாதவர்களைப் படுக்க வைக்கும் இரும்புப் பெட்டி. அது இல்லாவிட்டால் உயிர் போய்விடும், அது இருக்கும்வரை எழுந்து நடக்க முடியாது. ‘க்ரீப்’புக்கு அவர்கள் வைத்த பெயர் அது.

எனக்கு ‘க்ரீப்’ வேறு வழியில் வந்து சேர்ந்தது. 1997-ல் திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷன். எட்டுக்குப் பத்து அறை, இரண்டு கட்டில், ஒரு ஃபேன். அறை நண்பன் திண்டுக்கல்காரன். ஒரு பெண் விஷயத்திலும் ஒரு வேலை விஷயத்திலும் ஒரே மாதத்தில் அடிவாங்கி, இரண்டு வாரம் சவரம் செய்யாமல், சரியாகச் சாப்பிடாமல் கிடந்தான். ராத்திரி ராத்திரி அந்த ஒரு பாட்டு. ஓடி முடியும், ரீவைண்ட், மறுபடி. பக்கத்து அறைக்காரர் சுவரைத் தட்டுவார். ஒரு நாள் ராத்திரி கேட்டேன், “மாப்ள, உனக்கு வேற பாட்டே கிடையாதா?” அவன் சொன்னான், “இது பாட்டு இல்லடா. இந்த ஆள் பக்கத்துல உக்காந்திருக்கான்.”

அப்புறம் அவனே தேறி, குளித்து, எனக்கு ‘ஓகே கம்ப்யூட்டர்’ வாங்கிக் கொடுத்தான். அந்த வருடம்தான் வந்திருந்தது. பாத் நகரத்துக்குப் பக்கத்தில் நடிகை ஜேன் ஸீமோருக்குச் சொந்தமான ஒரு பழைய மாளிகையில் உட்கார்ந்து பதிவு செய்த ஆல்பம். மெஷின்களுக்கு நடுவே மனுஷன் மெதுவாக மூச்சுத் திணறுவதைப் பற்றி அவ்வளவு அழகாகப் பண்ணியிருந்தார்கள். கேஸட் நாடா தேயத் தேயக் கேட்டோம். இந்த ஐந்து பேர் எங்களை ஒருநாளும் கைவிட மாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை.

மூன்று வருடம் கழித்து, பஸ்ஸில், வாக்மேனில், கைவிட்டார்கள்.

இப்போது கேள்விக்கு வருவோம். என் கோபத்தில் நியாயம் உண்டா?

உங்கள் தெருமுனையில் ஓர் ஓட்டல். பத்து வருடமாக அங்கே சாம்பார் இட்லி சாப்பிடுகிறீர்கள். ஒரு நாள் போய் உட்கார்ந்தால் இட்லி கிடையாது, நூடுல்ஸ்தான் என்கிறார்கள். வெளியே அதே போர்டு. கோபம் வருமா, வராதா? வரும். ஓட்டல்காரர் உங்களுக்குச் சத்தியம் எதுவும் செய்து கொடுக்கவில்லை. ஆனால் போர்டே ஒருவிதமான சத்தியம்தான். அதை நம்பித்தானே உள்ளே போனீர்கள்? ‘ரேடியோஹெட்’ என்று கேஸட்டில் போட்டிருந்ததை நம்பித்தானே நான் பணம் கொடுத்தேன்?

இந்த வாதத்தைப் பல வருடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதில் ஓட்டை இருக்கிறது. நான் இட்லிக்காகப் போகிறேன். மாஸ்டர் காதல் தோல்வியில் இருக்கிறாரா, நேற்று என்ன புத்தகம் படித்தார், எனக்கு அக்கறை இல்லை. ஆனால் ‘ஓகே கம்ப்யூட்டர்’ எனக்குப் பிடித்ததற்குக் காரணமே, ஒரு மனுஷன் தனக்கு அப்போது நிஜமாகத் தோன்றியதைச் சொல்கிறான் என்பது. நான் வாங்கிய சரக்கு நேர்மை. மூன்று வருடம் கழித்து அந்த மனுஷனுக்கு வேறு ஏதோ தோன்றும்போது, பழையதையே தோன்றுகிற மாதிரி நடி என்று கேட்டால், நான் முதலில் காசு கொடுத்து வாங்கிய அதே சரக்கைக் கெடுத்துக் கொடு என்று கேட்கிறேன். அண்ணாச்சி, இட்லி வேண்டும், ஆனால் மாவு வேண்டாம்!

அந்தச் சமயத்தில் தாம் யார்க் என்ன நிலையில் இருந்தார் என்பதை ஒரு டாக்குமெண்டரியில் பார்க்கலாம். கிராண்ட் ஜீ எடுத்த ‘மீட்டிங் பீப்பிள் ஈஸ் ஈஸி’, 1998. ஊர் ஊராக அதே பேட்டி, அதே கேள்வி, அதே பாட்டு. ஒரு மனுஷன் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் குரலிலிருந்தே வெளியேறிப் போவதைப் பார்க்கிற மாதிரி இருக்கும். திரும்பி வந்தவரால் ஒரு பாட்டும் எழுத முடியவில்லை. கிடாரை எடுத்தால் வெறுப்பு.

1999 தொடக்கத்திலிருந்து பாரீஸ், கோபன்ஹேகன், க்ளாஸ்டர்ஷயர் என்று இடம் மாற்றி மாற்றி உட்கார்ந்தார்கள். இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். கிடாரைத் தூக்கிப்போட்டால் எனக்கு நஷ்டம் 125 ரூபாய். எட் ஓ’பிரையனுக்கு? அவருடைய தொழிலே கிடார். ஃபில் செல்வே டிரம்மர். ‘இடியோடெக்’ என்ற பாட்டில் தாளம் முழுக்க மெஷின். அதில் வருகிற நாலு கார்டுகள், பால் லான்ஸ்கி என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1973-ல் ஓர் அறை அளவு ஐபிஎம் கம்ப்யூட்டரில் செய்த இசையிலிருந்து, அனுமதி கேட்டு எடுத்தது. இப்படி ஒரு பாட்டில் டிரம்மருக்கு என்ன வேலை? ஒவ்வொரு பாட்டிலும் ஐந்து பேரும் வாசித்தாக வேண்டும் என்ற வழக்கத்தையே விட வேண்டியிருந்தது. பதினைந்து வருட சிநேகிதனிடம் போய், ‘இந்தப் பாட்டுக்கு நீ வேண்டாம், சும்மா உட்காரு’ என்று சொல்வது இருக்கிறதே! கோஷ்டி உடைந்துவிடுமோ என்கிற அளவுக்குப் பேச்சு போனது. ஓ’பிரையன் அந்தக் குழப்பத்தையெல்லாம் இணையத்தில் டைரியாக எழுதிக்கொண்டிருந்தார்.

மாறுகிறவன் நிஜமாகவே கடன்பட்டிருப்பது இவர்களுக்குத்தான் என்று எனக்குப் பிற்பாடு புரிந்தது. கூடவே வண்டியில் ஏறியவர்களுக்கு. நான் பிளாட்பாரத்தில் நின்று கையாட்டியவன். அவர்கள் உடையவில்லை. கிடாரிஸ்ட் மெஷின் திருகக் கற்றுக்கொண்டார். ஜானி க்ரீன்வுட், ஓந் மார்த்தெனோ என்ற பழைய பிரெஞ்சு மின்வாத்தியத்தைத் தேடிப் பிடித்து வாசித்தார். ஒரு பாட்டுக்கு டார்செஸ்டர் தேவாலயத்தில் வயலின் கோஷ்டியை உட்கார வைத்துப் பதிவு செய்தார்கள். யாரையும் கழற்றி விடாமல் மாறினார்கள். இது எவ்வளவு கஷ்டம் என்று கூட்டுக்குடும்பத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

இதற்கு நடுவில் ஓர் எச்சரிக்கை. ‘கலைஞன் மாறலாம், மாறுவது அவன் உரிமை’ என்று நான் சொல்ல ஆரம்பித்ததும் சிலர் உற்சாகமாகிவிடுவீர்கள். வட்டிக்கு வாங்கியவன் வந்து, ‘சார், கையெழுத்துப் போட்ட ஆள் வேற, இப்ப நிக்கிற ஆள் வேற’ என்று சொன்னால் விடுவீர்களா? கல்யாணமாகிப் பத்து வருடம் கழித்து ஒருத்தர், ‘நான் இப்ப கிட் ஏ கட்டத்துல இருக்கேன்’ என்று பெட்டியைத் தூக்கினால்? செய்கிறேன் என்று சொன்னதற்குக் கடன் உண்டு. ஆள் மாறினாலும் அந்தக் கடன் மாறாது. ஆனால் ‘இப்படியே இருப்பேன்’ என்று எவனாவது சொல்ல முடியுமா? சொன்னாலும் அதற்கு என்ன மதிப்பு? இருபது வயதில், நாற்பது வயதுக்காரன் சார்பில் யார் கையெழுத்துப் போடுவது? இந்த இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே விழுகிறது என்று சில சமயம் எனக்கே தெரிவதில்லை. ‘அன்பாக இருப்பேன்’ என்பது செய்வதா, இருப்பதா? சொல்லுங்கள் பார்ப்போம்.

ஆல்பம் வந்ததும் விமரிசகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். ‘மெலடி மேக்கர்’ கிழித்துத் தோரணம் கட்டியது. நாவலாசிரியர் நிக் ஹார்ன்பி ‘நியூயார்க்கர்’ பத்திரிகையில் எழுதினார். அவர் புகாரின் சாரம் இது: இந்த ஆல்பத்தைக் கேட்க பக்தனின் பொறுமை வேண்டும், ஆனால் மாதச் சம்பளம் வாங்க ஆரம்பித்துவிட்டால் அந்தப் பொறுமையும் பக்தியும் குறைந்துவிடும். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. வெட்டியெடுத்து வைத்துக்கொள்ளாத குறை. பிறகு யோசித்தால், அந்தப் புகாரில் மாறிப்போனது யார்? சம்பளம் வாங்க ஆரம்பித்தது நான்தானே? அந்த மேன்ஷன் அறையில் எனக்கு நேரம் இருந்தது. 2000-ல் எனக்கு ஒரு பாட்டை இரண்டு தடவை கேட்கப் பொறுமை இல்லை. என் நேரம் போய்விட்டதற்கு இங்கிலாந்தில் ஐந்து பேர் பொறுப்பு என்று முடிவு கட்டினேன். 2009-ல் ‘ரோலிங் ஸ்டோன்’ பத்திரிகை அந்தப் பத்தாண்டின் தலைசிறந்த ஆல்பம் என்று ‘கிட் ஏ’யைத் தேர்ந்தெடுத்தது. அதனால்தான் எனக்குப் பிடிக்க ஆரம்பித்தது என்று நினைக்காதீர்கள். கொஞ்சம் அதனாலும்தான்.

நடுவில் 2007 வந்தது. அக்டோபர் 10. ‘இன் ரெயின்போஸ்’ என்ற ஏழாவது ஆல்பத்தை ரேடியோஹெட் கம்பெனி எதுவும் இல்லாமல் நேரே இணையத்தில் விட்டார்கள். விலை என்ற இடத்தில் ஒரு காலிக் கட்டம். எவ்வளவு என்று நாமே நிரப்ப வேண்டும். இஷ்டமிருந்தால் பூஜ்யம்கூடப் போடலாம். இத்தனை வருடம் ‘நீங்கள் எனக்கு என்ன கடன்பட்டிருக்கிறீர்கள்’ என்று கேட்டுக்கொண்டிருந்த எங்களிடம், ‘சரி, நீ எவ்வளவு?’ என்று திருப்பிக் கேட்டுவிட்டார்கள்.

ஒளிவு மறைவு எதற்கு? நான் பூஜ்யம் போட்டேன்.

காரணம் வைத்திருந்தேன். கிரெடிட் கார்டு வெளிநாட்டுக் கணக்கில் வேலை செய்யுமோ செய்யாதோ, பவுண்டு என்ன விலையோ, இப்படி. எதுவும் நிஜமில்லை. பக்கத்தில் யாரும் இல்லை, அவ்வளவுதான். பிறகு கடையில் சிடி வந்தபோது ஓடிப்போய் முழு விலை கொடுத்து வாங்கினேன். அந்தப் பூஜ்யம் அதில் அழியவில்லை. ஏழு வருடம் உரிமை பேசிய ஆசாமி, தனியாக விட்டபோது என்ன எழுதினான் என்று எனக்குத் தெரியும்.

அந்தத் திண்டுக்கல் நண்பனைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சொல்லாமல் விடலாமா என்றுதான் இவ்வளவு நேரம் ரேடியோஹெட்டை இழுத்துக்கொண்டிருந்தேன்.

2001-ல் அவன் அப்பாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனது. சென்னையை விட்டு ஊருக்குப் போய் ஹார்டுவேர் கடையில் உட்கார்ந்தான். பைப்பு, ஆணி, பெயிண்ட். கல்யாணம் ஆயிற்று. நெற்றியில் விபூதி, சட்டைப் பையில் கணக்கு நோட்டு. 2003-ல் பொதுவான ஒரு நண்பர் கல்யாணத்தில் பார்த்தேன். ‘ஹெயில் டு த தீஃப்’ கேட்டாயா என்றேன். அப்படின்னா என்றான். ஐந்தாறு பேர் இருந்த இடத்தில் நான் சிரித்துக்கொண்டே, “முதலாளி ஆயிட்டாருப்பா. இவன் செத்து ரெண்டு வருஷம் ஆச்சு” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். பந்தியில் என் பக்கத்தில் உட்காரவில்லை. அதற்கப்புறம் நானும் போன் செய்யவில்லை, அவனும் செய்யவில்லை. என் மனசுக்குள் தீர்ப்பு தயாராக இருந்தது: அவன் மாறிட்டான். மேன்ஷனில் எனக்குச் சோறு வாங்கிக் கொடுத்தவன், ஜுரத்தில் தலைக்குத் துணி நனைத்துப் போட்டவன், இப்படியே இருப்பேன் என்று எனக்கு எப்போது எழுதிக் கொடுத்தான்?

2016 மே மாதம் ‘எ மூன் ஷேப்டு பூல்’ வந்தது. அதன் கடைசிப் பாட்டு ‘ட்ரூ லவ் வெய்ட்ஸ்’. ரசிகர்களுக்கு அது புதுசு இல்லை. 1995-லேயே மேடையில் தாம் யார்க் ஒற்றைக் கிடாரோடு பாடியது. போகாதே என்று ஒருத்தியிடம் கெஞ்சுகிற பாட்டு. ஸ்டூடியோவில் பல தடவை முயன்று, சரியாக வரவில்லை என்று தள்ளி வைத்துக்கொண்டே இருந்தார்கள். இருபத்தோரு வருடம் கழித்து ஆல்பத்தில் வந்தபோது கிடார் இல்லை. பியானோ, அதுவும் தயங்கித் தயங்கி, ஒன்றின்மேல் ஒன்று லேசாகப் பிசகி. வார்த்தைகள் அநேகமாக அதே வார்த்தைகள்தான். முன்னே பாடியவன் கெஞ்சினால் அவள் நின்றுவிடுவாள் என்று நம்பினான். இவருக்கு நாற்பத்தேழு வயது. நிற்க மாட்டாள் என்று தெரிந்தவரின் குரல். 1996-லேயே அதைப் பதிவு செய்து ஆல்பத்தில் போட்டிருந்தால் நான் சந்தோஷப்பட்டிருப்பேன். இது கிடைத்திருக்காது.

அதே மாதம் பாரீஸ் கச்சேரியில் யாரோ கூட்டத்திலிருந்து கத்தினார்கள், வழக்கம்போல. ஏழு வருடமாகப் பாடாத ‘க்ரீப்’பை அன்றைக்குப் பாடினார்கள்.

அந்தச் செய்தியைப் படித்த அன்றே அவனைக் கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிடவில்லை. 2025 நவம்பரில், ஏழு வருட இடைவெளிக்குப் பிறகு ஐந்து பேரும் மாட்ரிட்டில் மேடையேறினார்கள் என்று பார்த்தேன். வயது ஐம்பதுகளில், அதே ஐந்து பேர். அன்று சாயங்காலம் பொது நண்பர் ஒருவரிடம் நம்பர் வாங்கினேன். இரண்டு மணி நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்துவிட்டு அடித்தேன்.

“யாருங்க?”

பெயரைச் சொன்னேன். பின்னால் யாரோ முக்கால் இஞ்ச் எல்போ இருக்கா என்று கேட்பது கேட்டது.

“சொல்லு” என்றான். ‘டா’ இல்லை.

கல்யாணத்தில் நான் பேசியதைப் பற்றிச் சொல்லத்தான் ஆரம்பித்தேன். வாய் என்னவோ மாட்ரிட், ஐந்து பேர், ஏழு வருடம் என்று உளறியது. அவன் குறுக்கிடாமல் கேட்டான். முடித்ததும் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

“அந்த ஆள் இன்னும் அந்தப் பாட்டைப் பாடுறானா?”

“எப்பவாவது. தோணினா.”

“ம்.” மறுபடி எல்போ கேட்கும் குரல். “கடைல ஆள் நிக்குது. அப்புறம் பேசறேன்டா” என்று வைத்துவிட்டான்.

இன்னும் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை கடை லீவு என்று நண்பர் சொல்லியிருக்கிறார்.